ஒரு வாய் பால்

செண்பகவல்லி முதலில் அதை ஏலக்காய்ப் பொடி என்றுதான் நினைத்தாள். அதுவரை ஊஞ்சலில் உட்கார்ந்து பேரன் பேத்திகளுக்குச் சோற்றை உருட்டிக் கொடுத்துக்கொண்டிருந்த படத்து மாமியார், அடுப்படியில் தனியாக நின்று, இடுப்பிலிருந்து ஒரு சின்னச் சீசாவை எடுத்து, கடைசி மருமகளுக்கென்று வைத்திருந்த பாலில் ஒரு சிட்டிகை தட்டிக் கரண்டியால் நிதானமாகக் கலக்கினாள். நல்ல மனுஷி, வாசனைக்கு ஏலக்காய் போடுகிறாள், நாமும் இப்படிப் பொடித்து ஒரு சீசாவில் வைத்துக்கொண்டால் என்ன, தோலோடு கொஞ்சம் சீனியும் சேர்த்து மிக்ஸியில் ஒரு சுற்றுச் சுற்றினால் ஆயிற்று என்று செண்பகவல்லியின் மனசு அதுபாட்டுக்குத் தன் வீட்டு அடுப்படிக்கு நடந்துபோய் மிக்ஸி மூடியைத் தேடிக்கொண்டிருந்தபோது, தியேட்டருக்குள் பேய்ப் படத்தில் வருகிற மாதிரி ஒரு சத்தம் எழுந்தது. ஏலக்காய்க்கு எதற்கு இந்தச் சத்தம். திரையில் மாட்டுத்தொழுவம் வந்தது, வைக்கோல் விலகியது, மண்ணுக்குள்ளிருந்து வளையல் போட்ட ஒரு கை தெரிந்தது. பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று படம் தொடங்கியதிலிருந்து எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்களே, அந்த மூத்த மருமகளின் வளையல். படத்து மாமியார் பால் டம்ளரோடு இந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தாள். இடைவேளை என்று எழுத்து விழுந்தது, விளக்குகள் எரிந்தன. செண்பகவல்லி மெல்லத் தலையைத் திருப்பி வலது பக்கம் பார்த்தாள். அங்கே அவள் மகளுடைய மாமியார் உட்கார்ந்திருந்தாள்.

புத்தம் புதிய மாமியார். கல்யாணமாகி, மகள் சங்கவியின் கழுத்தில் மஞ்சள் கயிறு இன்னும் நிறம் மங்கவில்லை. ஏரலிலிருந்து காலையில்தான் வேன் பிடித்து மறுவீட்டு விருந்துக்கு வந்திருந்தார்கள், மாப்பிள்ளை நயினாரும் சங்கவியும் மாப்பிள்ளையின் அம்மா பிரம்மசக்தியும். மறுவீட்டுக்கு வந்த சம்பந்தியைச் சாப்பாடு முடிந்த கையோடு சினிமாவுக்குக் கூட்டிப்போவது செண்பகவல்லி பிறந்த வீட்டு வழக்கம். கோவில்பட்டியில் எல்லா வீட்டிலும் உண்டா என்று அவளுக்குத் தெரியாது. அதில் ஒரு கண்டிப்பும் உண்டு, படத்தைப் பாதியில் விட்டு எழுந்திருக்கக் கூடாது, சுபம் போட்ட பிறகுதான் எழுந்திருக்க வேண்டும். சின்ன அத்தையின் மறுவீட்டில் கரண்ட் போய்ப் பாதிப் படத்தோடு திரும்பி வந்தார்கள். அதற்கப்புறம் அந்தச் சம்பந்திகள் முகத்தோடு முகம் பார்க்காமல் வருஷக்கணக்கில் கிடந்தார்கள். சண்டை ஒரு கிரைண்டரால் வந்தது என்று எல்லாருக்கும் தெரியும், இருந்தாலும் பழி என்னவோ கரண்டின் மேல்தான். ஊரில் இரண்டு படம் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றின் போஸ்டரில் அரிவாளும் ரத்தமும். இன்னொன்று "வாசல் நிறைஞ்ச வீடு", அதில் ஊஞ்சல், ஊஞ்சலில் மாமியார், சுற்றிலும் பட்டுச்சேலையில் மூன்று மருமகள்கள், தரையில் பிள்ளை குட்டிகள், ஓரத்தில் ஒரு பசுமாடு. எதுக்கும் யாரிடமாவது கேட்டுவிட்டுப் போவோம் என்று அவள் வீட்டுக்காரர் குற்றாலிங்கம் சொல்லத்தான் செய்தார். "ஊஞ்சல் போட்டிருக்கான், பசுமாடு போட்டிருக்கான், இதுக்கு மேல என்னத்தக் கேக்கணும்" என்று இவள்தான் வாயை அடைத்தாள். அந்தப் பசுமாடு எந்தத் தொழுவத்தில் கட்டியிருந்தது என்பது இப்போதல்லவா தெரிகிறது.

விளக்கு எரிந்தபின் அந்த வரிசையில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மாப்பிள்ளை எழுந்து நின்று, பாப்கார்னா பப்ஸா என்று யாரிடமும் இல்லாமல் பொதுவாகக் கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் வெளியே போனார். சங்கவி செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி நாற்காலியில் குற்றாலிங்கம் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார், விருந்துச் சாப்பாடும் ஏசியும் சேர்ந்தால் மனுஷர் வேறென்ன செய்வார். அந்தச் சமயம் பார்த்துத்தான் பிரம்மசக்தி மடியிலிருந்த கட்டைப்பைக்குள் கையை விட்டு ஒரு பிளாஸ்க்கையும் எவர்சில்வர் டம்ளரையும் எடுத்தாள். இரண்டும் செண்பகவல்லி வீட்டுச் சாமான். மத்தியானம் பந்தி முடிந்து இவள் பாத்திரம் ஒழித்துக்கொண்டிருந்தபோது, சம்பந்தியம்மா அடுப்படி வாசலில் வந்து நின்று, "கொஞ்சம் பால் காய்ச்சிக்கிடட்டுமா மதினி?" என்று கேட்டாள். நீங்க எதுக்கு, நான் காய்ச்சித் தாரேன் என்று இவள் பதறியதற்கு, "இருக்கட்டும், நீங்க உங்க சோலியப் பாருங்க. வடிகட்டி மட்டும் எங்க இருக்குன்னு சொல்லுங்க" என்றாள். வெறும் பாலுக்கு எதுக்கு வடிகட்டி, காப்பி போடப்போகிறாள் போல என்று எடுத்துக்கொடுத்துவிட்டு இவளும் மறந்துபோனாள். அந்தப் பால்தான் இது. பிரம்மசக்தி மூடியைத் திருகினாள், ஆவி வந்தது. டம்ளரில் ஊற்றி, மூடியில் மாற்றி, திரும்ப டம்ளரில் மாற்றி, படத்தில் அவள் கலக்கினாளே அதே நிதானத்தோடு ஆற்றினாள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் எதேச்சையாகத் திரும்பினாள், பாலைப் பார்த்தாள், பிரம்மசக்தியைப் பார்த்தாள், சட்டென்று முன்னால் திரும்பிப் புருஷன் காதில் என்னவோ சொன்னாள். "பிள்ளைட்டக் குடுங்க மதினி" என்று பிரம்மசக்தி டம்ளரை நீட்டினாள். வலது பக்கம் வாங்கி இடது பக்கம் கொடுக்க வேண்டும், செண்பகவல்லியின் வேலை அவ்வளவுதான். வாங்கினாள். வாங்கிய கை போகவேண்டிய திசைக்குப் போகாமல் நடுவழியில் அவள் வாய்க்கு வந்தது. ஒரு வாய் குடித்தாள். விழுங்கினாள். கொஞ்சம் காத்திருந்தாள். பிறகுதான் சங்கவியிடம் கொடுத்தாள். திரும்பிப் பார்த்தபோது பிரம்மசக்தி இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விளக்கு அணைந்ததும் செண்பகவல்லிக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது, இருட்டுக்குள் முகம் தெரியாதல்லவா. என்ன காரியம் செய்துவிட்டோம். இல்லை, அப்படியொன்றும் இல்லை, இது பழக்கம், வெறும் பழக்கம். சங்கவி குழந்தையாக இருந்தபோதிலிருந்து அவள் பாலை ஒரு வாய் குடித்துப் பார்க்காமல் கொடுத்ததே கிடையாது. சூடு சரியா என்று பார்க்கவேண்டும், அதைவிட முக்கியமாக ஆடை கிடக்கிறதா என்று பார்க்கவேண்டும். பாலாடை ஒரு நூல் உதட்டில் பட்டால் போதும், அந்தப் பிள்ளை குடித்தது அத்தனையையும் குபுக்கென்று கக்கிவிடும். பள்ளிக்கூடச் சீருடை, தாத்தாவின் செய்தித்தாள், ஒருதடவை ஈபி ரீடிங் எடுக்க வந்தவரின் செருப்பு, எதன்மேல்தான் கக்கவில்லை. காலேஜுக்குப் போன பிறகும் பாலை முதலில் அம்மா உறிஞ்சிப் பார்த்து, ம், குடி என்றால்தான் குடிப்பாள். அந்தப் பழக்கத்தில் கை தானாக வாய்க்கு வந்துவிட்டது, அதற்குப்போய் இவ்வளவு யோசனை எதற்கு. சரி. பழக்கம் என்றால், ஏன் காத்திருந்தாய். குடித்ததைக்கூட எப்படியாவது பூசி மெழுகிவிடலாம், அந்தக் காத்திருந்தது இருக்கிறதே, அதுதான் தப்பு. ஆடை இருக்கிறதா என்று பார்க்கிறவள் விழுங்கிவிட்டு நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டா இருப்பாள். யாரிடம் வேண்டுமானாலும் பழக்கம் என்று சொல்லலாம், தனக்குத்தானே சொல்லிக்கொள்ள முடியவில்லை. அவள் பயந்துதான் குடித்தாள். தன் வீட்டுப் பால், தன் வீட்டு அடுப்பு, தன் வீட்டுச் சீனி, அதில் விஷம் இருக்குமோ என்று பட்டப்பகலில், ஏசி தியேட்டரில், ஐம்பது வயது தாண்டிய ஒரு பொம்பளை பயந்தாள். நினைத்தால் சிரிப்பாகக்கூட இருந்தது. பக்கத்தில் பிரம்மசக்தி லேசாக இருமினாள், சிரிப்பு எங்கோ ஓடிவிட்டது.

சம்பந்தி வீட்டில் ஒரு சொல் என்ன பாடுபடுத்தும் என்று செண்பகவல்லிக்குத் தெரிந்த அளவுக்கு யாருக்குத் தெரியும். அவளுடைய மறுவீடு முடிந்து கொஞ்ச நாளில் அவள் அம்மா சம்பந்தி வீட்டுக்குச் சாப்பிட வந்தாள். புளிக்குழம்பை ஒரு வாய் வைத்துவிட்டு, "நல்லா இருக்கு, புளிப்புதான் கொஞ்சம் தூக்கல்" என்றாள். அம்மா அதைச் சொல்லிவிட்டு ரசத்துக்குப் போய்விட்டாள், அத்தோடு மறந்தும் போனாள். இவள் மாமியார் மறக்கவில்லை. அதற்கப்புறம் எந்தக் குழம்பு வைத்தாலும், உங்கம்மாவுக்குப் புளிப்பு ஆகாதே, பாத்துச் சாப்பிடு. வீட்டுக்கு யார் வந்தாலும், இவுக அம்மா வீட்டுல நாக்கு ரொம்ப ருசி கண்ட நாக்கு. தீபாவளிக்கு, பொங்கலுக்கு, சங்கவி பிறந்தபோது ஆஸ்பத்திரியில், கடைசியில் படுக்கையில் விழுந்து கஞ்சி ஊட்டும்போதுகூட, புளிப்பு இல்லையே என்று கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறந்தாள். ஒரு கரண்டிப் புளிப்புக்கு ஒரு ஆயுசு என்றால், ஒரு வாய் சந்தேகத்துக்கு எத்தனை ஆயுசு. நாளைக்கு ஏரலில் சங்கவி அடுப்படிக்குள் நுழையும்போது, "பாத்துக்க தாயி, உங்கம்மா வந்து குடிச்சுப் பாத்த பெறகு குடிப்போம்" என்று ஒரு வார்த்தை வந்து விழும். அந்தப் பிள்ளை என்ன பதில் சொல்லும், வாயே திறக்காது, தலையைக் குனிந்துகொண்டு ராத்திரி போன் பண்ணி ஒன்றுமில்லைம்மா, சும்மாதான் பண்ணேன் என்னும். தானும் அப்படித்தானே பண்ணினோம். நயினார் தங்கமான பையன்தான், ஆனால் அம்மாவை ஒருத்தி விஷம் வைக்கிறவள் என்று நினைத்தாள் என்றால் எந்தப் பையன் பொறுத்துக்கொள்வான். ஒரு வாய். கையை நேராக நீட்டியிருந்தால் தீர்ந்தது. இருட்டில் அவள் இடது பக்கம் குனிந்து சங்கவியின் கையில் டம்ளர் இருக்கிறதா, குடித்தாளா, கக்கிவிடாமல் இருந்தாளா என்று பார்க்கப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை, பாப்கார்ன் வாசனைதான் வந்தது.

படமாவது கொஞ்சம் ஒத்துழைக்கலாம், திருந்திவிட்டாள், எல்லாம் கனவு என்று சொல்லி ஒரு பாட்டைப் போடலாம். அது பாட்டுக்கு மோசமாகிக்கொண்டே போனது. முதல் பாதியில் விளக்கேற்றி, கோலம் போட்டு, ஆட்டுக்கல்லைச் சுற்றி நின்று ஆடிப்பாடிய குடும்பத்தில் இப்போது ஒவ்வொருத்தராகக் குறைந்துகொண்டிருந்தார்கள். கடைசி மருமகளின் அப்பா வந்து நிலைப்படியில் நின்று அழுதார். கல்யாணத்துக்கு முன்னால் அக்கம்பக்கத்தில் விசாரித்தேனே, டீக்கடையில் விசாரித்தேனே, தங்கமான குடும்பம் என்றார்களே என்றார். குற்றாலிங்கமும் ஏரலுக்குப் போய் டீக்கடையில்தான் விசாரித்தார். ஒரு டீயும் ஒரு வடையும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்து, "தங்கமான குடும்பம்ங்கான்" என்றார். அதே வார்த்தை. வேறு என்ன சொல்வான் டீக்கடைக்காரன், வெள்ளிக் குடும்பம் என்றா சொல்வான். அப்புறம் படத்து மாமியாரின் புருஷன் எப்படிச் செத்தார் என்று காட்டினார்கள். ஊருக்கெல்லாம் நெஞ்சுவலி என்று சொல்லியிருந்தாள். பிரம்மசக்தியின் புருஷன் நயினாரின் சின்ன வயதிலேயே தவறிப்போனார், நெஞ்சுவலி. பெண் பார்க்க வந்த அன்றைக்கு அந்த அம்மா அதைச் சொன்னபோது இவள் கண் கலங்கினாள், தனி ஆளாக நின்று ஒரு பிள்ளையை ஆளாக்கியிருக்கிறாளே என்று கையைப் பிடித்துக்கொண்டாள். இப்போது பார், அந்த நெஞ்சுவலியைத் தூக்கி வைத்துக்கொண்டு மனசு என்ன வேலை பார்க்கிறது. சீ என்று தன்னைத்தானே வைதுகொண்டாள். உலகத்தில் நெஞ்சுவலியில் போனவர்கள் எல்லாருக்கும் பெண்டாட்டி பால் கொடுத்தா போனார்கள். இந்த அம்மா சத்துணவில் அமைப்பாளராக இருந்து ரிட்டையர் ஆனவள், ஒரு பள்ளிக்கூடமே அவள் பார்வையில் சாப்பிட்டு வளர்ந்திருக்கிறது, அதில் ஒரு பிள்ளைக்காவது வயிற்றுவலி வந்ததாகக் கேள்வி உண்டா. இல்லைதான். விசாரிக்கவும் இல்லைதான். போதும், வாயை மூடு என்று மனசிடம் சொன்னாள், அது எப்போது கேட்டது.

"மதினி" என்றாள் பிரம்மசக்தி இருட்டுக்குள். செண்பகவல்லிக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"சொல்லுங்க மதினி."

"கெணத்துக்குள்ள கெடக்கது ரெண்டாவது மருமகதான?"

"ஆமா. நீல சேலக்காரி."

"அவ நல்லாப் பாடுனாளே" என்றாள் பிரம்மசக்தி. "இந்த மாதிரிப் படம்னு யாரும் சொல்லலியோ?" என்றாள்.

"சத்தியமாத் தெரியாது மதினி. போஸ்டர்ல ஊஞ்சல் போட்டிருந்தான்."

"ஊஞ்சல் இருக்கத்தான் செய்யுது" என்றாள் பிரம்மசக்தி.

அதில் கோபம் இருந்ததா, கேலி இருந்ததா, வெறும் தகவலா. செண்பகவல்லி அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஊஞ்சல் இருக்கத்தான் செய்யுது. இந்த அம்மா எப்போதும் இப்படித்தான், கல்யாணப் பேச்சின்போதும் நாலு வார்த்தைக்கு மேல் பேசியதில்லை, பேசாதவர்கள் மனசில் என்ன இருக்கிறது என்று யார் கண்டது. சொல்லிவிடலாமா. மதினி, நான் குடிச்சது பழக்கத்துல குடிச்சது, பிள்ளைக்கு ஆடை ஆகாது, அதான் ஆடை கிடக்கான்னு பாத்தேன் என்று சொல்லிவிட்டால் என்ன. சொன்னால், நான் ஒண்ணும் கேக்கலியே என்பாள். அப்போது என்ன செய்ய, கேக்காததுக்குப் பதில் சொல்லுகிறவள் மேல்தான் சந்தேகமே வரும். சொல்லாமல் விட்டால் அது அங்கேயே கிடந்து வேர் பிடிக்கும். ஆடை கிடக்கான்னு பாத்தேன், நல்ல காரணம்தான், பாதி நிஜம்கூட. பாலில் ஆடை கிடந்ததா. அவள் நாக்கு ஞாபகத்துக்குப் போய் அந்த ஒரு வாயை மறுபடி குடித்தது. இல்லை. ஆடை இல்லை, நூல்கூட இல்லை, தண்ணீர் மாதிரி இறங்கியது. பிளாஸ்க்கில் இத்தனை நேரம் இருந்த பாலில் ஆடை படியாமல் இருக்குமா, மேலே கொஞ்சமாவது திரண்டிருக்கும், காய்ச்சின சூட்டில் அப்படியே ஊற்றி வைத்திருந்தால் ஆற்றும்போது கட்டாயம் வந்திருக்கும். வடிகட்டியிருக்கிறார்கள். வடிகட்டி மட்டும் எங்க இருக்குன்னு சொல்லுங்க. செண்பகவல்லி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். வெறும் பாலுக்கு எதுக்கு வடிகட்டி என்று கேட்டாயே, இதற்குத்தான். காய்ச்சி, ஆறவிட்டு, படிந்த ஆடையை வடிகட்டி, மறுபடி சூடு பண்ணி, அப்புறம் ஊற்றி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். சங்கவி போய் எத்தனை நாளாயிற்று, அதற்குள் பிள்ளைக்குப் பாலாடை ஆகாது என்று அந்த வீட்டில் ஒருத்திக்குத் தெரிந்திருக்கிறது. சங்கவி தானாகச் சொல்லியிருக்க மாட்டாள், புது வீட்டில் அதெல்லாம் சொல்லுகிற பிள்ளை இல்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கியிருப்பாள், விழுங்கியதை அந்த அம்மா பார்த்திருக்கிறாள், பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் வடிகட்டியைக் கையில் எடுத்திருக்கிறாள். செண்பகவல்லிக்குச் சந்தோஷமாக இருந்தது, வெட்கமாக இருந்தது, கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. இத்தனை வருஷம் உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்தேனே தவிர, வடிகட்டியால் வடிகட்டினால் ஒரேயடியாய் முடிந்தது என்று எனக்கு ஏன் தோன்றவேயில்லை.

படத்தில் யாரோ அலறினார்கள். இப்போது அது அவளை ஒன்றும் செய்யவில்லை, தூரத்துத் தெருவில் நடக்கிற சண்டை மாதிரி கேட்டது. ஆனால் செய்த காரியம் செய்த காரியமாகத்தான் நின்றது, இன்னும் சொல்லப்போனால் முன்னைவிடப் பெரிதாக நின்றது. பொல்லாதவளைச் சந்தேகப்பட்டால் பாதகமில்லை. ஆடையை வடிகட்டிக் கொண்டுவந்தவளைச் சந்தேகப்பட்டுவிட்டு எந்த முகத்தோடு வேனில் ஏற்றி அனுப்புவது. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சம்பந்தியிடம் கேட்கிற வழக்கம் இந்த ஊரில் உண்டா. சம்பந்திக்குச் சேலை கொடுக்கலாம், பலகாரம் கொடுக்கலாம், வருத்தத்தை எந்தத் தட்டில் வைத்துக் கொடுப்பது. அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே படத்து மாமியார் யாருமில்லாத வீட்டில் ஊஞ்சலில் தனியாக உட்கார்ந்து, காலால் தரையை உந்தி, ஒரு பழைய தாலாட்டைப் பாடிக்கொண்டு முன்னும் பின்னும் ஆடினாள். திரை கறுத்தது. ஊஞ்சல் சத்தம் மட்டும் கிரீச் கிரீச்சென்று கொஞ்சம் கேட்டது, பிறகு அதுவும் நின்றது.

விளக்கு எரிந்தது. கூட்டம் பேசாமல் எழுந்து வெளியே போனது. இவர்கள் வரிசை மட்டும் எழுந்திருக்கவில்லை, சுபம் இன்னும் போடவில்லையே. பேர்கள் ஓடின, லைட் பிடித்தவர்கள், மேக்கப் போட்டவர்கள், பசுமாடு கொடுத்தவர். அதுவும் முடிந்து திரை வெள்ளையாக நின்றது. துடைப்பத்தோடு உள்ளே வந்த அம்மா ஒருத்தி, இவர்கள் எதற்கு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு மேல்வரிசையிலிருந்து பெருக்க ஆரம்பித்தாள்.

குற்றாலிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டு விழித்தார். "முடிஞ்சிட்டா? கடைசியில எல்லாம் ஒண்ணு சேந்துட்டாகளா?"

"எல்லாரும் ஒரே எடத்துக்குப் போய்ச் சேந்தாச்சு மாமா" என்றார் மாப்பிள்ளை. சங்கவி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அவள் கையிலிருந்த டம்ளரைச் செண்பகவல்லி அப்போதுதான் பார்த்தாள். காலி. அடியில் ஒரு துளிகூட இல்லை.

"முழுசும் குடிச்சியாட்டி?" என்றாள், தன்னையறியாமல்.

"எப்பவோ குடிச்சாச்சு. அத்த காய்ச்சுத பாலு தொண்டையில நிக்காது" என்று சொல்லிவிட்டு, சங்கவி டம்ளரை அம்மா கையில் திணித்தாள், அப்பாவை எழுப்பி நடத்திக்கொண்டு மாப்பிள்ளையோடு வாசலைப் பார்த்துப் போனாள். வரிசையில் இரண்டு சம்பந்திகளும் ஒரு காலி டம்ளரும் மிச்சம். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல முடியாது என்று செண்பகவல்லிக்குத் தெரிந்தது. "மதினி, நான் அந்தப் பால" என்று தொடங்கினாள்.

பிரம்மசக்தி அந்த டம்ளரை அவள் கையிலிருந்து வாங்கினாள். பையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்தாள். "நானே கேக்கணும்னு நெனச்சேன்" என்றாள். "மத்தியானம் பிள்ள எலையில உக்காந்ததோட சரி. போட்டோப் பிடிக்கேன், பரிமாறுதேன்னு எந்திரிச்சி எந்திரிச்சி ஓடிட்டா, ஒரு கை சோறு உள்ள எறங்கல. நீங்க உக்காரவே இல்ல. அத்தன பேருக்கும் போட்டுட்டு, கடைசியில ரெண்டு அப்பளத்தக் கடிச்சிக்கிட்டுப் பாத்திரம் ஒழிக்க நின்னுட்டீக. சத்துணவுல இருந்த கண்ணு, எவ தட்டுல சோறு கெடக்குன்னுதான் மொதல்ல பாக்கும். அதான் ரெண்டு பேருக்கும் சேத்துக் காய்ச்சினேன்." பாலை ஊற்றினாள். ஆவி கொஞ்சமாகத்தான் வந்தது. "பிள்ளைக்குக் குடுத்துட்டு உங்களுக்கு ஊத்தலாம்னு இருந்தேன், வெளக்க அணைச்சிட்டான். நீங்க ஒரு வாய் குடிச்சதப் பாத்ததும், ஐயோ பசி தாங்காமத்தான் குடிக்காகன்னு எனக்கு மனசே ஆறல. அந்தக் கொலகாரி கையில டம்ளரோட நிக்கா, அந்நேரம் பாத்து இருட்டுல எப்படி மதினி ஒங்ககிட்ட இத நீட்ட?"

செண்பகவல்லி அவள் முகத்தைப் பார்த்தாள். பெரிய, அகலமான, திருநீறு கலைந்த முகம். நிஜமாகவே பசி என்றுதான் நினைத்தாளா, இல்லை, எல்லாம் தெரிந்தே பசியாக மாற்றிக் கையில் கொடுக்கிறாளா. பார்க்கப் பார்க்கத் தெரியவில்லை. கேட்கவேண்டும் என்றும் தோன்றவில்லை. ஒன்று மட்டும் விளங்கியது, பதினாறு வகை சமைத்து வைத்துவிட்டு, பெற்ற பிள்ளை சாப்பிட்டாளா என்று தான் பார்க்கவில்லை. தான் சாப்பிட்டோமா என்று இத்தனை வருஷத்தில் யாரும் பார்த்ததில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பெருக்குகிற அம்மா பக்கத்து வரிசைக்கு வந்து, "காலத் தூக்குங்க" என்றாள், இரண்டு சம்பந்திகளும் காலைத் தூக்கிக்கொண்டார்கள்.

"சுபம் போடவே இல்லையே மதினி" என்றாள் செண்பகவல்லி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"ஆள் மிச்சம் இருந்தால்லா போடுவான்" என்றாள் பிரம்மசக்தி. "ஆடிக்கு நீங்க ஏரலுக்கு வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன். மருமக மாமியாரக் கொல்லுத படம் எங்கயாவது ஓடுதான்னு விசாரிச்சி வைக்கேன், கணக்கு நேராயிரும்." சொல்லிவிட்டுத் தன் நகைச்சுவை தனக்கே தாங்காமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள், அந்த அம்மா சிரித்துச் செண்பகவல்லி பார்ப்பது இதுதான் முதல் தடவை. வெளியே வாசல் பக்கமிருந்து, அம்மா வாங்க, நேரமாச்சு, வேன் வந்துட்டு என்று சங்கவி கூப்பிட்டாள். செண்பகவல்லி டம்ளரை இரண்டு கையாலும் வாங்கி, காலைத் தூக்கியபடியே அண்ணாந்து, நிறுத்தாமல் அடி வரைக்கும் குடித்தாள். சீனி கொஞ்சம் தூக்கல். அவள் சொல்லவில்லை.